மறுக்கக்கூடிய வசனம்

வெளியில் சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
போர்ட்டேஜ் அவென்யூவில்
பஸ்கள் நின்றபடி மூச்சு விடுகின்றன.
கல்லூரி நூலகம், மூன்றாம் மாடி,
ஹீட்டருக்குப் பக்கத்து மேசை.
பாண் பக்டரி மா இன்னும் நகக்கண்ணில்.
வயது நாற்பத்திமூன்று.
திங்கட்கிழமைக்குள் ஒரு வசனம் எழுதவேண்டும்.

ஒரேயொரு வசனம்.
மிச்ச நாலு பக்கமும்
அதன் முதுகில் ஏறித்தான் போகுமாம்.

கதை ஆறு பக்கம்.
மாரியன் என்று ஒருத்தி.
புருஷன் போனபிறகு
டெலிபோன் ரிசீவரை எடுத்து மேசையில் கிடத்திவிடுகிறாள்.
பதினொரு வருஷம் அப்படியே கிடக்கிறது.
சண்டையில்லை, சாவில்லை.
கடைசியில் பனி பெய்கிறது,
இந்த ஊர்க் கதைக்கு வேறு என்ன பெய்யும்.

முதலில் எழுதினேன்:
"இக்கதை தனிமையைப் பற்றிப் பேசுகிறது."
மிஸ் ஹால்டர்சன் ஓரத்தில் பென்சிலால் கேட்டார்:
இதை யார் மறுப்பார்?
ஒருவரும் மறுக்கார் என்று
ஒரு பகல் முழுக்கப் பெருமையாய் இருந்தேன்.

அடுத்தது:
"ஆசிரியர் பல குறியீடுகளைத் திறம்படக் கையாண்டுள்ளார்."
ஓரத்தில்: அதனால் என்ன?

மூன்றாவது:
"ஒருவேளை மாரியன் கோபமாக இருந்திருக்கலாம்
எனச் சிலர் கருதலாம்."
'ஒருவேளை'யின் மேல் ஒரு கோடு.
இரண்டு 'லாம்'மின் மேலும் கோடு.
'சிலர்' யாரென்று ஒரு வட்டம்.
வெட்டி முடிய
மாரியனும் அவள் கோபமும்தான் மிச்சம்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
விசாரணைக்கு முதல்நாள் லோயர் போட்ட கோடு.
"'ஒருவேளை' என்று மட்டும் வாயைத் திறக்காதே."
சோதனைச்சாவடியைக் கடந்தது செவ்வாயா, புதனா?
மழையா, வெயிலா?
மறுக்கக்கூடிய வசனம் என்றால்
அந்த அறையில் திரும்பிப் போகும் விமானம்.
ஊசி நுழைய இடம்விடாமல் பேசப் பழகினேன்.
வென்றேன். பழக்கம் போகவில்லை.
வீட்டுக்காரனிடம், சுப்பர்வைசரிடம், பல் டொக்டரிடம்:
ஓம், குளிர்தான். ஓம், நல்ல பாண்.
இப்போது ஒருத்தி
மறுக்க இடம் வைத்து எழுது என்கிறார்,
அதற்குப் புள்ளியும் போடுவாராம்.

சனி இரவு, நாலு மணி.
வெட்டும் மெஷினில் பாண்கள் வரிசையாய் வருகையில்
நாலாம் பக்கத்து ஒரு வரி
தானாய் வந்து நின்றது:
சனிக்கிழமைகளில் அவள் ரிசீவரைத் துடைத்தாள், வயரையும்.

கைவிட்ட பொருளை யார் துடைப்பார்?

கையுறையைக் கழற்றி
லேபல் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்:
"மாரியன் உலகத்தை இழந்தவள் அல்ல;
தன் வீட்டில் அவள் முதன்முதலாய்ப் பூட்டிய கதவு அந்த டெலிபோன்;
அதைத் துடைத்துப் பேணுவதன் மூலம்
பரிதாபக் கதைபோலத் தொடங்கியதை
ஆசிரியர் வெற்றியின் கதையாய் முடிக்கிறார்."
வாசித்தேன்.
முதுகு வியர்த்தது,
அன்றைக்குப் போலவே.

திங்கள் வகுப்பில்
ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலைசெய்யும் மாரிவிக் கை உயர்த்தினாள்.
"பிழை. துடைக்கிறாள் என்றால் காத்திருக்கிறாள்."
"மணியடிக்காத போனுக்கா?"
"அதுக்குத்தான்" என்றாள்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஒருவரும் முத்திரை குத்தவில்லை.
ஒருவரும் கோப்பை மூடவில்லை.
மிஸ் ஹால்டர்சன் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"சரி, இனி நாலு பக்கம் எழுது.
மாரிவிக்குக்குப் பதில் சொல்லு."

இரண்டாம் பந்தியில் அவளை வைத்தேன்.
நாலாம் பந்தி வரை எழுதியும்
அவள் வெளியே போகவில்லை.
அவள் சொன்னதும் சரிபோலத்தான் இருக்கிறது;
அதைக் கட்டுரையில் சொல்லவில்லை.

இரவு பத்தரை. தரிப்பிடக் கண்ணாடியில் உறைபனி.
ஒருவேளை பஸ் வரலாம்.
இந்த வசனத்தை
ஒருவரும் வெட்ட வேண்டாம்.